தேரிக்காடு: திறந்த செம்மணலின் சூழலியலும் காப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தை அடுத்துள்ள செம்மணல் மேடுகள் ‘தேரி’ எனப்படுகின்றன. அரசு ஆவணங்களிலும் வளர்ச்சித் திட்டங்களிலும் இவை நெடுங்காலமாகப் பயன் குறைந்த நிலமாகவே கருதப்பட்டு வந்துள்ளன. தேரியின் மண், நீர், தாவரம், விலங்கு ஆகியவற்றுக்கு இடையிலான உறவை இக்கட்டுரை விளக்குகிறது. மரச்செறிவற்ற திறந்த மணற்பரப்பே இவ்வாழிடத்தின் அடிப்படை என்பதையும், நிலத்தைப் பசுமையாக்கும் முயற்சியும் கனிமத்துக்காக அகழும் முயற்சியும் வேறு வேறு வழிகளில் அவ்வடிப்படையையே தாக்குகின்றன என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தேரி, செம்மணல், முட்புதர்க்காடு, உடைமரம், நிலத்தடி நீர், தரிசு, இல்மனைட்.

தேரி என்னும் நிலம்

தமிழில் மணற்குன்றைக் குறிக்கும் சொற்களுள் தேரி என்பதும் ஒன்று. தென்மாவட்ட வழக்கில் இச்சொல் எல்லா மணலையும் குறிப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய வெண்மணல் மேட்டை அங்குள்ளோர் தேரி என்பதில்லை. அதற்கு உட்புறமாக, செங்கல் நிறத்தில் அலையலையாகக் கிடக்கும் மணல்வெளியே அவர்களுக்குத் தேரி. திருச்செந்தூர், காயாமொழி, நாசரேத், சாத்தான்குளம், உடன்குடி ஆகிய ஊர்களுக்கிடையே விரியும் குதிரைமொழித் தேரி இவற்றுள் பெரியது. அதன் பரப்பு சுமார் 12,000 ஏக்கர் எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. சாயர்புரம், இடையன்குடி முதலிய ஊர்களை அடுத்தும் தேரிகள் உள்ளன.

ஐந்திணைப் பகுப்பில் இந்நிலத்தை எங்கு வைப்பது என்பது எளிய வினா அன்று. கடலுக்கு அண்மையில் இருப்பினும் நெய்தலின் உப்பங்கழியும் தாழையும் இங்கில்லை. செம்மண் இருப்பினும் முல்லையின் புல்வளம் இல்லை. வறட்சியால் பாலையை நினைவூட்டினும், பிற நிலங்கள் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற பழைய விளக்கம் இதற்குப் பொருந்தாது. தேரி எதிலிருந்தும் திரிந்த நிலமன்று. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனக்கென ஓர் ஒழுங்குடன் நிலைத்துள்ள நிலம் அது.

இத்தகைய கடலோரச் செம்மணல் உலகில் அரிது. தமிழகத்துக்கு வெளியே ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்தை அடுத்த பீமுனிப்பட்டினத்தில் ‘எர்ர மட்டி திப்பலு’ என்னும் செம்மண் மேடுகளும், இலங்கையின் வடக்கிலும் வடமேற்கிலும் ‘இரணைமடு அமைவு’ என நிலவியலாளர் பெயரிட்ட செம்மணற் படிவுகளும் இதற்கு உறவானவை.

சிவந்த மணல்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றி 1883இல் வெளியிட்ட அறிக்கையில் தேரிகளை விவரித்தார். மணல் எவ்வாறு சிவந்தது என்ற வினா அன்று முதல் ஆய்வாளர்களை ஈர்த்து வந்துள்ளது. தேரி மணலின் பெரும்பகுதி கடற்கரை மணலைப் போன்றே குவார்ட்சுத் துகள்தான். ஆயின் அதனுடன் இல்மனைட், மாக்னடைட், கார்னெட் போன்ற இரும்பு செறிந்த கன கனிமங்களும் கலந்துள்ளன. மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கியபோது அக்கனிமங்கள் சிதைந்து இரும்பு ஆக்சைடு வெளிப்பட்டது. அது நுண்ணிய களிமண்ணுடன் சேர்ந்து ஒவ்வொரு மணற்துகளின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்தது. அப்பூச்சே தேரியின் நிறம். காற்று புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கும் மணல் அவ்வாறு சிவப்பதற்கு மனித வாழ்நாள்கள் பல போதா. ஆகவே அகற்றப்பட்ட தேரியை மீண்டும் உண்டாக்க இயலாது என்பது மிகையுரை அன்று. வேதியியல் கூறும் செய்தி.

மணலைக் குவித்தது காற்று. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகும் காற்று, மழையை மலைக்கு மேற்கே விட்டுவிட்டு வறண்ட வேகத்துடன் சமவெளியைக் கடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தேரியின் முகடுகளில் மணல் புகைபோல் எழுவதை இன்றும் காணலாம்.

இம்மணலுக்குள் மனித வரலாறும் புதைந்துள்ளது. எஃப். இ. சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் ஆகியோர் 1956இல் ‘ஏன்சியன்ட் இந்தியா’ இதழில் திருநெல்வேலி மாவட்டத்து நுண்கற்கருவி இடங்களைப் பற்றி எழுதிய கட்டுரை, தேரிகளைத் தொல்லியல் உலகுக்கு நன்கு அறிமுகப்படுத்தியது. குவார்ட்சு, செர்ட் கற்களாலான சிறு அலகுகளும் பிறைவடிவக் கருவிகளும் சிவந்த மணற்படிவுகளில் கிடைத்தன. கடல்மட்ட மாற்றங்களைக் கொண்டு அக்கருவிகளின் காலத்தை அவர்கள் கணித்தனர். மணற்துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறை பின்னர் வந்தது. தேரி மணல் எந்தெந்தக் காலங்களில் படிந்தது என்பதை அதன்வழி நேரடியாகவே ஆராய முடிகிறது. இம்முறைக்கு மணல் கலையாமல், படிந்த அடுக்கிலேயே இருக்க வேண்டும் என்பது பின்னர் கூறப்படும் கனிம அகழ்வுச் சிக்கலுக்கு முதன்மையான செய்தி.

மணலுக்குள் நீர்

தேரியை முதன்முதல் காண்போர் அதனை நீரற்ற நிலம் என்றே எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது.

தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இம்மழை கரிசலில் விழுந்தால் மேல்மண் நனைந்து உப்பி, துளைகள் அடைபட்டு, எஞ்சிய நீர் ஓடையாகப் பெருக்கெடுக்கும். உள்ளே நின்ற நீரையும் களிமண் தன் நுண்துளைகளில் இறுகப் பற்றிக்கொள்ளும். மேல்மட்டத்தில் நிற்பதால் வெயில் அதனை எளிதில் கவர்ந்துவிடும். மணலில் விழும் மழையோ நிற்காமல் கீழிறங்குகிறது. மழை நின்ற சில நாட்களில் மேலுள்ள ஒரு சாண் மணல் உலர்ந்து போகும். உலர்ந்த பருமணலில் நீரை மேலிழுக்கும் நுண்புழைத் தொடர் அறுந்துவிடுவதால், அவ்வுலர் அடுக்கே கீழுள்ள ஈரத்துக்கு மூடியாகிறது. மழை மிகுந்த நாடுகளில் மணல் வறண்ட மண்ணாகவும் களிமண் ஈர மண்ணாகவும் இருக்க, வறண்ட நாடுகளில் ஆழவேர்ச் செடிகளுக்கு மணலே நீர்வளம் மிக்க மண்ணாக இருப்பது இதனால்தான். வறள்நிலச் சூழலியலில் இது நன்கு நிறுவப்பட்ட கொள்கை. உள்ளூர் மக்கள் இதனைக் கொள்கையாக அன்றி ஊற்றாக அறிந்திருக்கின்றனர். தேரியின் தாழ்வான மடிப்புகளில் கையால் தோண்டினாலே நீர் ஊறும் இடங்கள் உண்டு. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் பெயரிலேயே செம்மணலுக்கிடையே உள்ள சுனை இடம்பெற்றுள்ளது. நீர் கிடைக்கும் இடம் தெய்வத்தின் காவலில் வைக்கப்பட்டது.

இதன் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 12,000 ஏக்கர் என்பது சுமார் 48.5 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழை 650 மில்லிமீட்டர் எனக் கொண்டு, அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நிலத்தடி நீர்மட்டத்தைச் சேர்வதாக வைத்துக்கொண்டால், கிடைப்பது ஏறத்தாழ 31 இலட்சம் கன மீட்டர். இது அளவிட்டு அறிந்த எண் அன்று. அளவை உணர்த்தும் எடுத்துக்காட்டு மட்டுமே. ஆயினும் திருச்செந்தூர், உடன்குடி வட்டாரக் கிணறுகளில் கடல்நீர் ஊடுருவல் பெருகிவரும் சூழலில், உட்புற மேட்டிலிருந்து கடல்நோக்கி அழுத்தும் நன்னீரின் மதிப்பு எண்ணிப் பார்க்கத் தக்கது. நன்னீரின் அழுத்தம் குறையுந்தோறும் உவர்நீர் உள்நோக்கி நகரும். தேரியைப் பயனற்ற மணல் என்போர் குடிக்கும் நீரின் ஒரு பகுதி அந்த மணலின் வழியே வந்ததாக இருக்கக்கூடும்.

உடையும் பனையும்

தேரியின் அடையாள மரம் உடை. குடைவேல் என்றும் இதற்குப் பெயருண்டு. தென்னிந்தியாவின் வறண்ட தென்கிழக்குப் பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளரும் இம்மரம், கிளைகளைக் கிடைமட்டமாக விரித்து உச்சி தட்டையாக நிற்கும். அந்நிழலின் கீழ் மணலின் வெப்பம் தணிகிறது. விழும் சிற்றிலைகள் மட்கி, பயறு வகைக் குடும்பத்துக்கே உரிய வேர்முண்டுகள் தரும் நைட்ரசனுடன் சேர்ந்து, வளங்குறைந்த மணலில் வளத்திட்டு ஒன்றை உண்டாக்குகின்றன. அத்திட்டில் களாவும் விடத்தலையும் விராலியும் வேர்கொள்கின்றன. ஆட்டுக்கு உடையின் நெற்று உகந்த தீனி. ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் இடையே வெறும் மணல் கிடக்கிறது. இவ்விடைவெளி குறைபாடு அன்று. கிடைக்கும் நீருக்கும் அதனை அருந்தும் வேர்களுக்கும் இடையே ஏற்பட்ட கணக்கு அது.

பனையின் நிலை வேறு. பனையைத் தேரியின் இயற்கைத் தாவரம் எனக் கொள்வதில் தடை உண்டு. மனிதர் விதைத்தும் காத்தும் பெருக்கிய மரம் அது. மணலின் நகர்வைத் தடுப்பதற்காகவும் பனங்கொட்டைகள் ஊன்றப்பட்டுள்ளன. ஆயினும் பனை வந்தபின் தேரி தேரியாகவே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பனை நெடிதுயர்ந்து நிற்பினும் அதன் நிழல் சிறிது. கீழே நிலம் திறந்தே கிடக்கும். பதநீர்ப் பருவத்தில் மரத்தடியில் விடிலி அமைத்துக் கருப்பட்டி காய்ச்சிய குடும்பங்கள், உலர்ந்த முள்ளையும் ஓலையையும் எரித்தனவேயன்றி நிலத்தை உழவில்லை. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இவ்வாழ்முறையின் விளைபொருள். பனையேறுவோர் குறைந்து வருவதால் இம்முறை தளர்ந்து வருகிறது.

திறந்த மணலின் உயிர்கள்

தேரியில் உயிர்கள் இல்லை என்ற எண்ணம், மரத்தில் மட்டுமே உயிரைத் தேடும் பழக்கத்தால் வருவது. இங்கு உயிர்கள் மணலின் மேலும் கீழும் உள்ளன. மழை மறைவான உலர்மணலில் குழியானை புனல்வடிவக் குழி அமைத்து எறும்புக்குக் காத்திருக்கிறது. மணல் ஈரமாகவோ வேர்கள் செறிந்தோ இருந்தால் அக்குழியின் சரிவு நிற்காது. துகள்கள் தளர்ந்து சரிவதே அதன் வேட்டை நுட்பம். மணலில் வளைதோண்டி முட்டையிடும் குளவிகளும் தனித்து வாழும் தேனீக்களும் அத்தகையனவே. மண்ணுளிப் பாம்பு தன் பெயரிலேயே வாழிடத்தைச் சுமந்திருக்கிறது. மழைக்குப் பின் செந்நிற வெல்வெட்டுத் துணுக்குகளாக மணலில் ஊரும் தம்பலப்பூச்சி, சங்கப் புலவர் ‘மூதாய்’ என்று அறிந்த உயிர்; ஆண்டின் மற்ற நாட்களில் அது மண்ணுக்குள்ளேயே இருக்கும்.

இவற்றுள் விசிறித்தொண்டை ஓணானின் வாழ்முறை தேரியின் இயல்பைத் தெளிவாக உணர்த்துகிறது. தமிழகத்தின் தாழ்நிலச் சமவெளிகளில் வாழும் இவ்வகை ஓணான் ஒன்று 2016இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டு, ‘சிட்டானா விசிறி’ எனப் பெயரிடப்பட்டது. பனையோலை விசிறியை நினைவூட்டும் தொண்டை மடல் ஆணுக்கு உண்டு; அதனால் அறிவியற் பெயரில் ஒரு தமிழ்ச்சொல் இடம்பெற்றது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் சிறு கல்லிலோ மண்கட்டியிலோ ஏறி நின்று மடலை விரித்து விரித்து மூடுகிறது. அக்குறிப்பைப் பெண்ணும், போட்டியிடும் பிற ஆண்களும் தொலைவிலிருந்து காண வேண்டும். பார்வை மறைந்தால் விசிறிக்குப் பொருளில்லை. புதர் நெருங்கி வளரும் நிலம், மனிதர் கண்ணுக்கு வளமாகத் தோன்றினும், இவ்வுயிருக்கு அடைபட்ட நிலமே.

தரிசு என்னும் வகைப்பாடு

ஒரு நிலத்தின் எதிர்காலத்தை அதற்கு இடப்படும் பெயர் பெரிதும் முடிவு செய்கிறது. தேசிய தொலையுணர்வு மையமும் ஒன்றிய அரசின் நிலவளத் துறையும் வெளியிட்டுவரும் இந்தியத் தரிசுநில நிலப்படத் தொகுப்பில் முட்புதர் நிலமும் கடலோர மணலும் தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன. தரிசு எனப் பதிவான நிலத்தைப் ‘பயனுள்ளதாக்குவது’ கொள்கையளவில் நற்செயலாகிவிடுகிறது. மரம் நடுவோரும் அகழ்வோரும் ஒரே சொல்லிலிருந்து தத்தம் நியாயத்தைப் பெறுகின்றனர்.

மரநடவுக்குப் பின் உண்மையான துயரம் ஒன்று இருந்தது என்பதை மறுக்கலாகாது. நகரும் மணல் வயலையும் கிணற்றையும் மூடிய ஊர்கள் உண்டு. மணலைத் தடுத்து நிறுத்துமாறு கேட்ட மக்களின் கோரிக்கை நியாயமானது. எல்லையோரங்களில் பனையும் உடையும் வளர்த்தது அதற்கு ஏற்ற விடையும் ஆகும். சிக்கல், விளிம்புக்கு ஏற்ற மருந்தைத் தேரி முழுமைக்கும் இட்டதில் தொடங்குகிறது. குதிரைமொழித் தேரியின் காப்புக்காட்டுப் பகுதிகளில் முந்திரித் தோட்டங்கள் எழுந்தன. 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் தானாகவே பரவியது. செறிந்த மரக்கூட்டம் ஆண்டு முழுதும் ஆழத்து நீரை உறிஞ்சி ஆவியாக்குகிறது. அடர்ந்த தழை சிறுமழையைத் தரைக்கு விடாமல் தாங்கி உலர்த்திவிடுகிறது. மேலே பசுமை கூடும்போது கீழே ஊற்று மெலியக்கூடும். வானிலிருந்து எடுக்கும் படத்தில் வெற்றியாகத் தோன்றும் இம்மாற்றத்தைக் குழியானையின் கணக்கிலோ கிணற்றின் கணக்கிலோ வெற்றி எனல் அரிது.

கனிமம்

தேரி மணலில் உள்ள இல்மனைட், டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறமியின் மூலப்பொருள். சிவந்த மணலிலிருந்து சுவர்ப்பூச்சுக்கான வெண்மை பெறப்படுவது வேதியியலின் விந்தைதான். சாத்தான்குளம் வட்டாரத் தேரிகளை மையமாகக் கொண்ட டைட்டானியம் ஆலைத் திட்டம் ஒன்று 2007இல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்து நிறுத்திவைக்கப்பட்டது. கடற்கரைத் தாதுமணல் அகழ்வுக்குத் தமிழக அரசு 2013இல் தடை விதித்தது. எனினும் கனிமம் அங்கேயே இருக்கும்வரை அதன்மீதான நாட்டமும் இருக்கும்.

அகழ்ந்து, கனிமத்தைப் பிரித்து, எஞ்சிய மணலை அதே குழியில் நிரப்பிவிடுவதால் நிலத்துக்குக் கேடில்லை என்பது இத்தகைய அகழ்வுக்கு ஆதரவாக வழக்கமாகக் கூறப்படும் வாதம். நிரப்பப்படுவது மணலே, தேரி அன்று. நீரில் அலசும்போது துகள்களிலிருந்து களிமண்ணும் நுண்பொருளும் பிரிகின்றன. அடுக்குகள் கலைகின்றன, அடுக்கு கலைந்தால் நுண்கற்கருவி இருந்த மட்டமும் ஒளிர்வுக் காலக்கணிப்பும் ஒருசேர அழிகின்றன. சிறு அளவில் சாலைப் பணிகளுக்கும் மனைகளை மேடாக்குவதற்கும் செம்மண் அள்ளுவது இதே இழப்பை ஓசையின்றிச் செய்கிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளத்தைத் தொடர்ந்து இவ்வட்டாரத்தில் சாலை, குடியிருப்பு, தொழிற்கூடம் ஆகியவற்றுக்கான நிலத்தேவை பெருகும். ‘தரிசு’ என்ற பதிவு அப்போது முதலில் பயன்படுத்தப்படும் ஆவணமாகும்.

காப்புக்கான வழிகள்

தேரியின் ஒரு பகுதி காப்புக்காடு. ஏனையது புறம்போக்காகவும் பட்டாவாகவும் சிதறிக் கிடக்கிறது. காப்புக்காடு என்ற நிலை மட்டும் போதாது என்பதை முந்திரித் தோட்டங்கள் காட்டிவிட்டன. காட்டைக் காக்கும் சட்டம் மரத்தைக் காக்குமேயன்றி வெற்றிடத்தைக் காக்காது. உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002இன் 37ஆம் பிரிவு இதற்கு ஏற்ற கருவி. அதன்படி மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அவ்வட்டாரத்தை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, மக்கள் எதிர்ப்புக்கு அவ்வறிவிப்பு ஓர் ஊன்றுகோலாயிற்று. 2025 சனவரியில் ஏலம் இரத்தானது. குன்றுக்குக் கிடைத்த இப்பெயர் மணலுக்கும் கிடைக்க இயலாமைக்குக் காரணமில்லை.

மக்கள் சார்பு அங்கு ஏற்கெனவே உள்ளது. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்குக் கார்த்திகையில் திரளும் மக்கள், அங்கிருந்து ஒரு பிடி செம்மணலை எடுத்துச் சென்று வீட்டிலும் வயலிலும் இடுகின்றனர். அவர்களிடம் தேரி வெறும் மண் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. அதன் ஊற்றும் உயிர்களும் கணக்கில் வராமல் இருக்கின்றன என்பதையே விளக்க வேண்டும்.

நடைமுறையில் முதற்பணி, விளிம்பையும் உள்வெளியையும் பிரித்து வரைவது. ஊரையும் வயலையும் ஒட்டிய விளிம்பில் பனையும் உடையும் தொடரலாம். உள்வெளியில் புதிய நடவை நிறுத்தி, சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றி, பயன் குன்றிய முந்திரித் தோட்டங்களை மறுநடவு செய்யாது விடலாம். இரண்டாவது, கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் தேரிக்கு உள்ளும் கடல்பக்கமும் மாதந்தோறும் அளப்பது. மேலே கணக்குக்காகக் கொண்ட பத்தில் ஒரு பங்கு என்பதற்கு மாற்றாக உண்மை எண் அப்போதுதான் கிடைக்கும்.

உயிரினக் கணக்கெடுப்பைப் பொறுத்தவரை பருவமே முதன்மையானது. ஆனி மாதத்தில் நடத்தப்படும் கணக்கெடுப்பு காற்றையும் வெற்று மணலையும் உடைமரங்களையும் பதிவு செய்து, செடியினம் குறைவு என்று முடிக்கும். அதே இடத்தில் கார்த்திகை மழைக்குப் பின் கொழிஞ்சியும் நெருஞ்சியும் விஷ்ணுகிரந்தியும் சிறுபீளையும் மணலை மூடியிருக்கும், தம்பலப்பூச்சிகள் வெளிப்பட்டிருக்கும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எதுவாயினும், இவ்விரு பருவங்களையும் கொள்ளாத பட்டியலைத் தேரியின் பட்டியலாக ஏற்கலாகாது.